பால் வராத இனம்

மார்ச் 3, திங்கள்

கல் செடிகளில் ஒன்று போய்விட்டது. கூழாங்கல் மாதிரி உருண்டையாக, நடுவில் ஒரு கீறல் மட்டும் விட்டிருக்குமே, அதில் பழுப்பு நிறத்தது. பழைய இலை ஜோடி வற்றி, அதன் சாரத்தைக் குடித்துக்கொண்டு உள்ளிருந்து புது ஜோடி வரும் நேரம் இது. இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. தம்பி மனைவி, சின்னவள்தான், ஒரு டம்ளர் நிறைய ஊற்றியிருக்கிறாள். பாவம் பார்த்தாளாம். "சுருங்கிப் போய்க் கெடந்துச்சு அண்ணி, மனசு கேக்கல." தொட்டுப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது, அழுகின தக்காளி.

கத்திவிட்டேன். "என் செடியை என்னைக் கேக்காம யாரும் தொடக் கூடாது. தண்ணி ஊத்தறதா இருந்தாலும் சரி, தூசி தட்டறதா இருந்தாலும் சரி. கேட்டுட்டுத்தான்." சின்னவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுத் தலையாட்டினாள். தம்பி தட்டிலிருந்து நிமிரவே இல்லை. நான் கத்தும்போது மட்டும் அவனுக்குச் சாப்பாட்டில் அப்படியொரு பக்தி வந்துவிடும்.

ஆறு வருஷம் வளர்த்தது. ஆத்திரம் வராதா?

மார்ச் 5

சின்னவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. மிஷின் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று கிடைத்ததைப் பத்துத் தடவை போய்ப் பார்த்துவிட்டேன். ஆளில்லாத ஒரு வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மர அலமாரி பார்க்கப் போனேன். பின்பக்கம், துருப்பிடித்த பெயிண்ட் டப்பாவில் இது நின்றுகொண்டிருந்தது. என் இடுப்பு உயரம். தண்டு நேராக இல்லை; பிழிந்த துணி போல முறுக்கிக்கொண்டு, இரண்டு கைகளை விரித்துக்கொண்டு. முள் ஒன்றுகூட இல்லை. சாம்பல் பூத்த பச்சை. யார் வளர்த்தார்கள், என்ன பெயர், எதுவும் யாருக்கும் தெரியவில்லை. பழைய சாமான்காரர், "எடுத்துட்டுப் போங்கம்மா, எடம் காலியாகும்" என்றார்.

தம்பியின் டெலிவரி வண்டியில் போட்டு, இரண்டு மாடி ஏற்றி, முன்னறைக்குக் கொண்டுவந்தோம். எங்கள் மூன்று அறை வீட்டில் நல்ல வெயில் வரும் ஜன்னல் அது ஒன்றுதான். அதன் இடது பாதி என் நாற்பத்து மூன்று தொட்டிகளுக்கு, வலது பாதி சின்னவளின் மிஷினுக்கு. இவ்வளவு உயரமானதை மிஷின் பக்கம்தான் நிறுத்த முடியும்.

"வெளிச்சத்தை மறைக்குமே அண்ணி" என்றாள்.

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவளுக்கு இடது கண் சின்ன வயதிலிருந்தே மட்டம். தையல், படிப்பு, ஊசி கோப்பது எல்லாம் வலது கண்ணில்தான் ஓடுகிறது. இருந்தாலும் எங்கே வைப்பேன் இதை? "மிஷினைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கோயேன்" என்றேன். திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

மார்ச் 12

பூதக்கண்ணாடியும் கையுமாக ஒன்றரை மணி நேரம். கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

முள் இல்லாத நெட்டைச் செடி என்றால் இரண்டு குடும்பங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று கேக்டஸ். இன்னொன்று பால்கள்ளி. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உறவே கிடையாது. பால்கள்ளியைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும், பொல்லாத பால். கேக்டஸ் சாது. கேக்டஸுக்கு மட்டுமே உள்ள அடையாளம், முள் முளைக்கிற இடத்தில் பஞ்சு வைத்தது போல ஒரு சின்னத் திட்டு. முள் இல்லாத ரகத்திலும் அந்தத் திட்டு இருக்கும்.

இதில் இருக்கிறது! விளிம்பு நெடுக, கணுவுக்கு ஒன்றாக, வெள்ளை வெளேரென்று. ஒரு பக்கத்தில் இருபத்தேழு எண்ணினேன். அப்படியானால் கேக்டஸ். வழக்கம் மாறி முறுக்கிக்கொண்டு வளர்ந்த, முள்ளற்ற செரியஸ் என்கிற ரகம். படத்தில்கூட நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

நாள் முழுக்கப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து ரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிறவள் நான். பதினெட்டு வருஷத்தில் ஒரு குழாய் மாறியதில்லை. பெயர் வைப்பது என் கைக்கு வந்த வேலை.

மார்ச் 15

போனில் இருக்கும் கள்ளிச்செடி வளர்ப்பவர்கள் குழுவில் படம் போட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆகா ஓகோ. குழுவில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் உண்டு, அவர் மட்டும் வழக்கம் போல. அவர் எங்கே கடை வைத்திருக்கிறார் என்றுகூடத் தெரியாது, நான் எதைச் சொன்னாலும் குறுக்கே கட்டையைப் போடுவது மட்டும் தவறாமல் நடக்கும். "விளிம்பு பால்கள்ளி மாதிரி தெரிகிறது. ஊசியால் குத்திப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். தெளிந்த சாறுதான் வந்தது" என்று எழுதினேன்.

பார்க்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று ஏன் அப்படி எழுதினேன்? இரண்டு நிமிஷ வேலை. ஊசியை எடுத்துக்கொண்டு போனேன், நின்றேன், திரும்பி வந்துவிட்டேன். அந்தச் சாம்பல் பூச்சின் மேல் விரல் பட்டாலே தடம் விழுகிறது. குத்தினால் கறுத்த புள்ளி ஒன்று காலத்துக்கும் நிற்கும். தினமும் அறுபது பேர் கையில் ஊசி ஏறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், ஒன்றும் ஆவதில்லை. இதற்கு மட்டும் மனசு வரவில்லை.

பூ வரட்டும். பூ வந்தால் எல்லா வழக்கும் தீர்ந்துவிடும். மருந்துக்கடைக்காரர் அதுவரை மாத்திரை விற்கட்டும்.

மார்ச் 30

பெயர்ப் பலகை எழுதி நட்டாகிவிட்டது. என் கையெழுத்து இன்று அழகாக வந்தது.

ஏப்ரல் 10

சின்னவளுக்குப் பெரிய வேலை வந்திருக்கிறது. ஒரு பள்ளிக்கூடம் முழுவதற்கும் சீருடை. வெள்ளைச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும், ஜூன் தொடக்கத்துக்குள். இதுவரை அக்கம்பக்கத்தில் கிழிசல் தைத்து, நீள அகலம் சரிசெய்துகொண்டிருந்தவளுக்கு இது பெரிய படி. அறையெங்கும் துணிக் கட்டு. வாய் ஓயாமல் பாடிக்கொண்டே தைக்கிறாள், ஒரு வரி தவிர மற்றது எல்லாம் சொந்தச் சரக்கு.

"இந்த வேலை மட்டும் சுத்தமா முடிஞ்சா வருஷா வருஷம் நமக்குத்தான் அண்ணி" என்றாள். 'நமக்கு' என்றாள். மறுபடியும் பேச ஆரம்பித்திருக்கிறோம். வெளிச்சத்தைப் பற்றி இரண்டு தடவை சொன்னாள். பார்க்கலாம் என்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பதினொரு மணிக்கு வேலை இடத்துக்குப் போன் செய்தாள். செடியின் ஒரு கை வளர்ந்து துணி மேல் சாய்கிறதாம், பச்சைக் கறை படிந்துவிடுமோ என்று பயம். "வெட்டட்டுமா அண்ணி? நீங்க வந்து வெட்டறதுன்னாலும் சரி."

கூட்டம் வரிசையில் நின்றது. வெட்டிக்கோ என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான், வெட்டின துண்டை நட்டால் இன்னொரு செடி. "நேரா ஒரே வெட்டா வெட்டு. துண்டை நெழல்ல வை." தன் கத்தரிக்கோலால் வெட்டிவிடப் போகிறாளே என்று சொல்ல வாயெடுத்தேன், "துணிக் கத்தரியால செடியைத் தொடுவேனா, காய் நறுக்கற கத்திதான்" என்று சிரித்தாள்.

பத்து நிமிஷத்தில் மறுபடி. "அண்ணி, பால் மாதிரி வெள்ளையா வடியுது. நெறைய. கையெல்லாம் பிசுபிசுங்குது. இது ஒண்ணும் பண்ணாதுல்ல?"

"சில கேக்டஸ்ல வரும். ஒண்ணும் பண்ணாது. சட்டைத் துணியில படாம பாத்துக்கோ" என்றேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். வெட்டின இடத்தில் வெள்ளையாக உறைந்து, பசை காய்ந்தது போல இருந்தது. உள்ளே என்னவோ இடறியது. பால் வரும் கேக்டஸ் உண்டு, பொய் இல்லை, நானே மூன்று வளர்க்கிறேன். துண்டை நிழலில் வைத்தேன்.

சின்னவளுக்கு வலது கண் சிவந்திருக்கிறது. துணித் தூசி என்கிறாள். கழுவிக்கொள்ளச் சொன்னேன்.

ஏப்ரல் 23

கண் வீங்கி மூடிக்கொண்டுவிட்டது. தண்ணீராகக் கொட்டுகிறது. வெளிச்சம் பட்டால் ஊசியால் குத்துவது போல இருக்கிறது என்று போர்வையைத் தலையோடு போர்த்திப் படுத்திருக்கிறாள். கையைத் துடைத்த வெட்டுத் துணியாலேயே முகத்து வேர்வையையும் துடைத்தாளாம். "அந்தப் பாலா இருக்குமோ அண்ணி?"

இல்லை என்றேன். இரண்டாம் முறை.

இப்படிப்பட்டதெல்லாம் தானே சரியாகும். ஓயாமல் தைத்த அசதி. நான் வேலைக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

தம்பி லீவு போட்டுக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். அங்கிருந்து எனக்குப் போன். "அக்கா, அது என்ன செடின்னு டாக்டர் கேக்குறாங்க. விஷமுள்ளதான்னு கேக்குறாங்க."

எதிரில் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் பெயரைக் குழாயில் ஒட்டிக்கொண்டே சொன்னேன்: "கேக்டஸ். விஷமில்லாத இனம்னு சொல்லு."

மூன்று.

அதே நாள், மாலை

எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு இதையும் மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

வந்ததும் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து வெட்டின இடத்தைத் துடைத்தேன். கை தவறி விளிம்பில் பட்டது. பஞ்சுத் திட்டு ஒன்று அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் வழவழப்பான பச்சை. அடுத்ததைத் துடைத்தேன். வந்துவிட்டது. அதற்கடுத்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், பஞ்சுக்கு நடுவில் காய்ந்த சின்ன உடம்புகள்.

மாவுப்பூச்சி. செத்த மாவுப்பூச்சிக் கூடு. கணுவில் இடுக்கு இருக்கும், அங்கே போய் ஒண்டிக்கொள்ளும், அதனால்தான் கணுவுக்கு ஒன்று. இருபத்தேழு என்று எண்ணி எழுதிவைத்தேனே! புதிதாக யார் செடி வாங்கினாலும் முதலில் பூச்சி பார் என்று நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். எனக்கு வேண்டியதைப் பார்த்தேன். பூச்சியைப் பார்க்கவில்லை.

பால் வரும் கேக்டஸ் எல்லாம் உருண்டை. இடுப்பு உயரத்துக்கு நெட்டையாக வளர்ந்து இப்படிப் பாலைக் கொட்டுகிற கேக்டஸ் எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. இது தெரியாதவளா நான்? செடியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருத்தி, பால் வருகிறதே என்று பயந்து போன் செய்தாள். அவளை விட ரெண்டு எழுத்து அதிகம் தெரிஞ்ச நான் அவ வாயை அடைச்சேன். ஒண்ணும் தெரியாம இருந்திருந்தா, ஐயோ பால், போய்க் கண்ணைக் கழுவுடீன்னு சொல்லியிருப்பேனே.

ஊசியை எடுத்துக் குத்தினேன். உடனே வந்தது, வெள்ளையாக, ஒரு பொட்டு அளவு. ஆறு வாரத்துக்கு முன்னால் குத்த வேண்டியது.

ஏப்ரல் 25

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். சின்னவளை அங்கேயே தங்க வைத்திருக்கிறார்கள், தம்பி சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போன நேரம். டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன்: பால்கள்ளி. நேற்று சொன்னது தப்பு. என் தப்பு.

அவர் எழுதிக்கொண்டே கேட்டார். "எப்ப பட்டது?"

"செவ்வாய்க்கெழம. பகல்ல."

பேனா நின்றது. "பட்ட உடனே அரை மணி நேரம் தண்ணியில கழுவியிருக்கணும். அன்னிக்கே வந்திருக்கணும். இப்ப கருவிழியில புண்ணாயிருக்கு, அதுல கிருமியும் சேந்திருக்கு. பாக்கலாம்." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

என் தப்பு என்று சொன்னதை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ஆனால் கேட்க நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் 26, சனி

தம்பிக்குத் தெரிந்துவிட்டது, செடிப் பால்தான் என்று. நான் பார்க்கப் போனபோது கட்டில் பக்கத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. "அக்கா செடியை அக்காவைக் கேக்காம ஏண்டி தொட்ட? எத்தனை தடவை சொல்லியிருக்காங்க, கேட்டுட்டுத் தொடுன்னு? கேட்டியா? கேட்டியாடி?"

சின்னவள் பதில் சொல்லவில்லை. கட்டுப் போடாத அந்த மட்டமான கண்ணால் என்னைப் பார்த்தாள். தம்பியும் திரும்பி என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 

நான் பழங்களை மேசை மேல் வைத்தேன். "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

ஏப்ரல் 27

அவள் ஏன் சொல்லவில்லை? அண்ணியைக் கேட்டுத்தானே வெட்டினேன் என்று ஒரு வார்த்தை. என்னைக் காப்பாற்றுகிறாளா? அப்படி என்ன நல்லது செய்துவிட்டேன் அவளுக்கு?

ஏப்ரல் 29

இன்று சொல்லிவிடலாம் என்று போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள்.

மே 2

தூங்கவில்லை. நான்தான் சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டாள். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. நான்தான் விடுகிறேன், தம்பி விட்டால் கன்னத்தில் விழுகிறது. இமையை விரலால் பிரித்துப் பிடிக்கும்போது கருவிழியின் மேல் வெள்ளையாக ஒரு படலம், மேகம் மாதிரி. அவள் மூச்சு என் மணிக்கட்டில் படுகிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு வாக்கியம் சொல்ல வரவில்லை எனக்கு.

பள்ளிக்கூடத்து ஆள் வந்து துணிக் கட்டுகளை எடுத்துப் போனார். தைத்தது பதினாறு சட்டை. மீதி எதிர்த்தெரு தையல் கடைக்கு. சின்னவள் அறைக்குள்ளிருந்து, "காலர் அட்டை தனியா ஒரு பையில இருக்கு, அதையும் குடுத்துடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

மே 11

தம்பி மறுபடியும் ஆரம்பித்தான், சாப்பிடும்போது. "கேட்டுட்டுத் தொட்டிருந்தா இந்த கதி வருமா?" அதே வசனம். அவள் அதே மாதிரி சும்மா இருந்தாள். சொல்லிவிட்டு ஏன் என் முகத்தைப் பார்க்கிறான் இவன்? தலையை ஆட்டுவேன் என்றா?

ஆட்டவில்லை. மறுக்கவும் இல்லை. எழுந்து போய்க் கை கழுவினேன். சீ.

மே 13

குழுவில் மருந்துக்கடைக்காரர் கேட்டிருக்கிறார்: "உங்கள் செரியஸ் எப்படி இருக்கிறது? மொட்டு வந்ததா?" கிண்டலாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான். போனை அணைத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

மே 20, செவ்வாய்

புண் ஆறிவிட்டது. தழும்பு நின்றுவிட்டது, பாவையின் நேர் நடுவில். வலது கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும். அவ்வளவுதான் தெரியும். வேறொருவர் கருவிழியை வைத்துத் தைக்கலாமாம், பெயரைப் பதிந்திருக்கிறார்கள், வரிசை நீளம், வைத்தாலும் நிச்சயம் இல்லை. டாக்டரம்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சின்னவள் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஊசி கோக்கலாமா?"

"அந்தக் கண்ணால முடியாதும்மா."

வண்டியில் திரும்பி வரும்போது தம்பி இரண்டு தெரு தள்ளிப் போய்த் திரும்பி வந்தான், வீட்டுக்கு வழி மறந்தது போல.

மே 23

ஜன்னலிலிருந்து என் தொட்டிகளை எல்லாம் எடுத்து மாடிப்படி முகப்புக்குக் கொண்டுபோனேன். பால்கள்ளியை மொட்டை மாடி மூலைக்கு. கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு. இப்போது போட்டுக்கொள்கிறேன் பார், பெரிய நிபுணி.

சின்னவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு அண்ணி எடுக்கறீங்க? இனி எனக்கு எதுக்கு அவ்வளவு வெளிச்சம்?"

அவள் குத்திக்காட்டிப் பேசுகிறவள் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால், பாதி எனக்காகத்தான்.

மே 31

சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

தம்பி கீழே வண்டி கழுவிக்கொண்டிருந்தான். சின்னவள் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள், தைக்காத மிஷினுக்கு. எண்ணெய் துளையில் விழாமல் பக்கத்தில் விழுந்தது. மறுபடி விட்டாள், மறுபடி பக்கத்தில். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான்தாண்டி வெட்டச் சொன்னேன். பால் வந்ததும் ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னதும் நான்தான். அந்தச் செடியை நான் சோதிக்கவே இல்ல. குத்திப் பாத்தேன்னு ஊருக்கெல்லாம் பொய் சொன்னேன். டாக்டர்கிட்டயும் முதல்ல தப்பாத்தான் சொல்லி அனுப்பினேன். எல்லாம் நான்தான்."

அவள் எண்ணெய்க் குப்பியை மூடினாள். "தெரியும் அண்ணி. போன்ல கேட்டது நான்தானே."

"அவன்கிட்ட ஏன் சொல்லல? அவன் உன்னை அத்தனை பேச்சுப் பேசறான்."

"சொன்னேனே. மொத நாள் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, வண்டியிலயே எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. "அப்புறம் எதுக்குத் திட்டினான்?"

"நான்தான் திட்டச் சொன்னேன். உங்க முன்னாடி." துணியால் மிஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், குரல் ஏறவே இல்லை. "அவர் என்னைத் திட்டறதைக் கேட்டா, இல்லடா, அவ கேட்டுட்டுத்தான் தொட்டா, நான்தான் வெட்டச் சொன்னேன்னு சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். அக்கா அந்த நிமிஷமே சொல்லிடுவாங்கன்னு அவரு சொன்னாரு. நான் ரெண்டு மூணு நாள் ஆகும்னேன்."

ஆறு வாரம். நான் கணக்குப் போடாமலே அவள் சொன்னாள், ஆறு வாரம் அண்ணி.

"கண்ணு போனது நீங்க வேணும்னு செஞ்சதில்ல. அது எனக்குத் தெரியும், அதுக்காக உங்க மேல கோவம்கூட வரல. கேட்டேன், தெரிஞ்சதைச் சொன்னீங்க. தப்பாப் போச்சு." நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாளா, எனக்குப் பக்கத்தில் பார்த்தாளா, இப்போது சொல்ல முடிவதில்லை. "ஆனா அவரு திட்டத் திட்ட நீங்க பழத்தை எடுத்து மேசையில வெச்சீங்க பாருங்க. அது வேணும்னு செஞ்சது."

காலில் விழலாமா என்று தோன்றியது. விழுந்திருந்தால் அவள்தான் குனிந்து தூக்க வேண்டியிருக்கும். அந்தத் தொந்தரவையும் அவளுக்கு எதற்குக் கொடுப்பது? நின்றேன். அவள் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு உள்ளே போனாள்.

தம்பி மேலே வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். "சாப்டியாக்கா?" என்றான். அறைந்திருக்கலாம் அவன்.

ஜூன் 9

குழுவில் எழுதினேன். குத்திப் பார்த்தேன் என்று மார்ச் மாதம் சொன்னது பொய், அது பால்கள்ளி, பஞ்சுத் திட்டு என்று காட்டியது மாவுப்பூச்சி, என் வீட்டில் ஒருத்திக்குக் கண் போய்விட்டது, என் சொல்லை நம்பி யாராவது எதையாவது வெட்டப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். நாற்பத்தேழு பேர் என்னென்னவோ ஆறுதல் எழுதியிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஒரு வரிதான். "அவருக்கு இன்னொரு கண் நன்றாக இருக்கிறதா?"

எப்படிப் பதில் எழுதுவேன் இதற்கு?

ஜூன் 14

பால்கள்ளியை வெட்டி எறிந்துவிடலாமா என்று தம்பியிடம் கேட்டேன். உள்ளேயிருந்து சின்னவள் சொன்னாள்: "வேண்டாம். குப்பையில போட்டா அள்ளறவங்க கண்ணுல படும்." எனக்கு அது தோன்றவே இல்லை. மாடி மூலையிலேயே நிற்கிறது. பழைய பலகையைப் பிடுங்கிவிட்டு வேறு எழுதி வைத்தேன். பெயர் போடவில்லை. 'தொடாதீர்கள், பால் கண்ணைக் கெடுக்கும்' என்று மட்டும்.

ஜூன் 21

வேலை, வீடு, வேலை. அவள் என்னோடு பேசாமல் இல்லை. குழம்பில் உப்பு போதுமா, தண்ணீர் வந்துவிட்டதா, கதவைச் சாத்தினீர்களா. முன்பு பாடிக்கொண்டிருப்பாள். அது இல்லை.

ஜூலை 2, புதன்

பள்ளிக்கூடம் திறந்து நாளாகிவிட்டது. பொத்தான் அறுந்தது, மடிப்புப் பிரிந்தது என்று அக்கம்பக்கத்திலிருந்து இரண்டொருவர் கொண்டுவருகிறார்கள். அந்தச் சின்ன வேலைகளை மட்டும் வாங்கிக்கொள்கிறாள், மெதுவாக, கையாலேயே. ஊசி கோக்க ஒரு கம்பி வாங்கி வைத்திருக்கிறாள். தானே கோத்துக்கொள்கிறாள், ஐந்தாறு தடவையில்.

இன்று மழை மூட்டம், பகலிலேயே அறை இருண்டு கிடந்தது. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மடியில் ஒரு கருநீலக் கால்சட்டையை வைத்துக்கொண்டு, இரண்டு நூல்கண்டுகளை இரண்டு கையிலும் பிடித்து என்னிடம் நீட்டினாள். "அண்ணி, இதுல எது கறுப்பு, எது கருநீலம்?"

உப்பு, தண்ணீர், கதவு தவிர ஒரு மாதத்தில் அவளாக என்னை ஒன்று கேட்பது இதுதான் முதல் தடவை. அவள் கையைப் பிடித்து ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சத்தில் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விளக்கையும் போட்டுப் பார்த்தேன். "இடது கையில இருக்கறது கருநீலம்" என்றேன். "நிச்சயமா."

"சரிங்க அண்ணி" என்றாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு நான் படியிறங்கப் போனபோது, எனக்கு முன்னால் அவள் கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள், நூல்கண்டுகளோடு. கீழே தம்பி வண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். இரண்டையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டி அதையே கேட்டாள். அவனும் இடது கையைத்தான் காட்டினான்.